மூச்சுக் குழலின் காவலன்

அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர். அவருக்கு இருமல் இல்லை. மூக்கு காற்றை வடிகட்டி ஈரமாக்கும் வேலையும் நின்றுவிடுகிறது. தொண்டையிற் செருகிய குழாய் வழியே கருவியின் காற்று நேரே நுரையீரலை அடைகிறது. அக்கருவியோ அவர் ஒருவருக்கே உரியதன்று. காலையில் ஒருவர், நண்பகலில் ஒருவர், மாலையில் ஒருவர் என அதன்முன் வந்து போகின்றனர். முன்னவர் விட்ட மூச்சின் கிருமி பின்னவரைச் சேராமல் தடுப்பது எங்ஙனம்?

1993-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி 'சி' நோய் கண்டது. மூச்சுக் குழாய்த் தொகுதி வழியே அது பரவியிருக்கலாம் என ஆராய்ந்தோர் கருதினர். சாணக்யபுரிக்கு அண்மையிலுள்ள சப்தர்ஜங், எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நாடெங்குமிருந்தும் நோயாளர் வருகின்றனர். உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டினர். ஆதலின் இது நமக்கும் உரிய கேள்வியே.

இதற்கு விடையாக அமைந்தது, நோயாளிக்கும் குழாய்த் தொகுதிக்கும் இடையே பொருத்தும் சிறு வடிகட்டி. இதனைச் சல்லடை என எண்ணுதல் பிழை. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து திரும்ப மாட்டாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறியவை காற்றணுக்களால் அலைக்கப்பட்டுத் தடுமாறி இழையைத் தொடுகின்றன. இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவினவே எளிதில் தப்புவன. எனவே வடிகட்டியின் திறனை அவ்வளவுத் துகளைக் கொண்டே சோதிப்பர்.

வடிகட்டிகள் இருவகைப்படும். மின்னூட்டம் பெற்ற இழைகளால் ஆனது ஒன்று. அதில் காற்று எளிதிற் செல்லும். நீரை ஒட்டவிடாத நுண்ணிழைத் தாளை மடித்து மடித்து அமைத்தது மற்றொன்று. பொதுவாக இதுவே மிகுதியாக வடிகட்டுவது. கிருமி கலந்த நீரையும் நன்கு தடுப்பது.

ஆயினும் காவலனே பகைவனாதலும் உண்டு. சளியோ குருதியோ அடைத்தால் மூச்சு தடைப்படும். அதனை மூச்சுக் குழல் இறுக்கம் என மருத்துவர் தவறாகக் கருதக் கூடும். குழந்தைகளுக்குப் பெரிய வடிகட்டி பொருந்தாது. விட்ட மூச்சே அதனுள் தங்கி மீண்டும் உட்செல்லும்.

ஆளுக்கொரு புது வடிகட்டி என்பதே விதி. அதனைக் காத்தால், குழாய்த் தொகுதியைத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் காலம் வரை பலருக்குப் பயன்படுத்தலாம். மாசுபட்டால் உடனே அகற்ற வேண்டும். வடிகட்டியை மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று; அடுத்த நோயாளியின் உயிரை ஈடு வைப்பதாகும். வடிகட்டி இருக்கிறதென்று கை கழுவாதிருப்பதும் அத்தகையதே.