ஆசனமும் மூட்டும்: யோகா வகுப்பின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

யோகா வகுப்புகளில் ஆசிரியர்கள் சொல்லும் உடற்கூற்று விளக்கங்களில் பல, பழைய ஹடயோக நூல்களிலும் இல்லை, மருத்துவ நூல்களிலும் இல்லை. குருவிடம் கேட்டதைச் சீடர் சொல்ல, அதையே அவருடைய மாணவர்கள் சொல்ல, வாய்வழியாக நிலைத்தவை அவை. இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆசனப் பயிற்சியின் பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில் உருவெடுத்தது. அங்கே பயின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும். வளரும் உடம்புக்கு வகுத்த அந்த வரிசைகளை, முப்பது ஆண்டுகள் நாற்காலியில் வேலை பார்த்தவர் ஓய்வுபெற்ற மறுமாதம் செய்யத் தொடங்குகிறார். கிருஷ்ணமாச்சாரியாரோ 1952இல் சென்னைக்கு வந்தபின், எதிரில் இருப்பவரின் வயதையும் நோயையும் பார்த்து ஆசனத்தை மாற்றிக் கற்பிக்கும் முறையையே வளர்த்தெடுத்தார். அந்தப் பிற்காலப் பாடம் பல வகுப்புகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

யோகாவை அளவுகருவி கொண்டு ஆராய்வது புதிய பழக்கமும் அல்ல. சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களின்போதும் கிரியைகளின்போதும் உடலுக்குள் நடப்பதை ஆய்வகத்தில் அளக்க முயன்றார். அதன்பின் வந்த ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால் யோகா ஆபத்தான பயிற்சி இல்லை. மருத்துவ ஆய்வுகளில் யோகா செய்தவர்களையும் பிற உடற்பயிற்சி செய்தவர்களையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான தொகுப்பாய்வு, இரு தரப்பிலும் பாதிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததாகக் கண்டது. சிக்கல் சில ஆசனங்களிலும் சில அறிவுரைகளிலும்தான்.

“பழகப் பழக எல்லா ஆசனமும் எல்லோருக்கும் வரும்”

வகுப்புகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. முழங்கால்களை அதிகம் கெடுத்ததும் இதுவாகவே இருக்கக்கூடும். பத்மாசனத்தில் இரு உள்ளங்கால்களும் மேல்நோக்கி நிற்க வேண்டுமென்றால், தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள் மடங்கியபடியே வெளிப்புறமாக வெகுதூரம் சுழல வேண்டும். அது எவ்வளவு சுழலும் என்பது தசையின் இறுக்கத்தை மட்டும் பொறுத்ததல்ல. இடுப்புக் குழியின் ஆழம், அது பார்த்திருக்கும் திசை, தொடையெலும்பின் கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோணம், அந்தக் கழுத்து முன்புறமாகத் திரும்பியிருக்கும் அளவு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம் பெரியவர்களில் சராசரியாக 125 பாகை. அதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ளவர்கள் நிறையப் பேர். சிறுவயதிலிருந்து தரையில் சம்மணமிட்டுப் பழகியவருக்குத் தசைகளும் சவ்வுகளும் இடம் கொடுக்கும். வளர்ந்து முடிந்த எலும்பின் வடிவத்தை எந்தப் பயிற்சியும் மாற்றாது. அமெரிக்க யோகா ஆசிரியர் பால் கிரில்லி, வெவ்வேறு மனிதர்களின் தொடையெலும்புகளையும் இடுப்பெலும்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக் காட்டியே இதைக் கற்பித்தார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பிறகு “இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்” என்று சொல்லத் தயங்குவார்கள்.

இடுப்பு மூட்டு நின்றுவிட்ட இடத்தில் பிடிவாதம் தொடர்ந்தால், எஞ்சிய சுழற்சியை முழங்கால் கொடுக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் மடக்கி நீட்டுவதற்கான மூட்டு. மடங்கிய நிலையில் சிறிதளவே சுழலும். குதிகாலைக் கையால் பிடித்துத் தொடைமேல் இழுக்கும்போது கெண்டைக்கால் முழுவதும் நெம்புகோலாகிறது. உட்புறமுள்ள பிறை வடிவக் குருத்தெலும்பு இரண்டு எலும்புகளுக்கு இடையில் நசுங்குகிறது. ஆசிரியர் மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி “எங்கே தெரிகிறது?” என்பது. இழுவிசை பிட்டத்தின் வெளிப்புறத்தில் தெரிந்தால் பயிற்சி சரியான இடத்தில் நடக்கிறது. முழங்காலின் உட்புறத்தில் குத்தினால் அன்றைக்குப் பத்மாசனம் அத்தோடு முடிந்தது. முன்தொடை அடிவயிற்றோடு சேரும் மடிப்பில் முட்டுவதுபோல் அடைத்துக்கொண்டால் அது எலும்பு எலும்பைத் தொடும் இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே நீட்டுவதற்கு எதுவும் இல்லை. மடித்த போர்வையின் மேல் அமர்ந்து செய்யும் சுகாசனத்தில் தியானம் எந்த வகையிலும் குறைந்துவிடாது.

“வலித்தால்தான் தசை நீளும்”

சில வாரப் பயிற்சியில் கை தரையைத் தொடுகிறது என்றால் தசை நீண்டுவிட்டது என்று பொருளில்லை. ஆரம்பக்கட்ட முன்னேற்றத்தின் பெரும்பகுதி, இழுக்கப்படும் உணர்வை நரம்பு மண்டலம் சகித்துக்கொள்ளப் பழகுவதால் வருவது. வலியைப் பொறுத்து அழுத்தினால் அந்தச் சகிப்பு வளராது. தசை தன்னைக் காக்க மேலும் இறுகும்.

கால் நீட்டி அமர்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தை நாள்தோறும் ஆழமாகச் செய்பவர்களுக்கு, உட்காரும்போது தரையில் படும் எலும்பின் அருகே ஒரு வலி வருவதுண்டு. தொடையின் பின்புறத் தசைகள், அதாவது ஹேம்ஸ்ட்ரிங், தொடங்குமிடம் அது. இடுப்பை முழுதாக மடக்கும்போது அங்குள்ள தசைநாண் இழுபடுவதோடு எலும்பின்மேல் அழுத்தவும் படுகிறது. தசை இறுகியிருக்கிறது என்று நினைத்து அதையே மேலும் நீட்டுவது புண்ணைக் கிளறுவதற்குச் சமம். நீட்டுவதைச் சில மாதங்கள் குறைத்து, சேதுபந்தாசனம், சலபாசனம் போன்றவற்றில் அந்தத் தசைக்கு மெல்ல மெல்லப் பளு கொடுத்து வலுவாக்குவதே இதற்கு வழி.

இதற்கு நேர் எதிரானவர்கள், உடம்பு இயல்பிலேயே அளவுக்கு மீறி வளைபவர்கள். கட்டைவிரலை முன்கையில் படியவைப்பார்கள், சுண்டுவிரலை 90 பாகைக்கு மேல் பின்னால் மடக்குவார்கள், நிற்கும்போது முழங்கால் பின்னோக்கி வளைந்திருக்கும். மருத்துவர்கள் இதைப் பெய்ட்டன் அளவுகோலில் 9 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறார்கள். வகுப்பில் பாராட்டுப் பெறுபவர்களும், செய்து காட்ட முன்னே அழைக்கப்படுபவர்களும் பெரும்பாலும் இவர்களே. இவர்களுக்குத் தேவை இன்னும் ஆழம் அல்ல, எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்தித் தசையால் தாங்கும் பயிற்சி. திரிகோணாசனத்தில் முன்காலின் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டாமல் மயிரிழை மடக்கச் சொன்னால், எடை பிணைநார்களிலிருந்து தசைக்கு மாறும்.

“சிரசாசனத்தில் எடை கையில்தான் இருக்கிறது, மூளைக்கு ரத்தம் பாய்கிறது”

இரண்டும் அளந்து பார்க்கக்கூடியவை. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுபவமுள்ள 45 பேரைச் சிரசாசனம் செய்யச் சொல்லித் தலைமீது விழும் விசையை அளந்து 2015இல் வெளியிட்டார்கள். உச்ச அளவு உடல் எடையில் 40 முதல் 48 விழுக்காடு. 70 கிலோ எடையுள்ளவரின் கழுத்துக்கு இது 28 முதல் 34 கிலோ. அன்றாடம் அது தாங்குவதோ 4, 5 கிலோ எடையுள்ள தலையை. இந்தச் சுமை பட்ட உடனேயே காயம் வரும் என்று சொல்ல முடியாது. “முன்கையை நன்றாக ஊன்றினால் கழுத்தில் எதுவும் விழாது” என்ற உறுதிமொழியை மட்டும் இனி யாரும் தர முடியாது. காலை எத்தி மேலே ஏறும் முறை பொதுவகுப்பில் சொல்லித்தரத் தக்கதல்ல. கட்டுப்பாடில்லாத அந்தக் கணத்தில் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

ரத்த விஷயத்தில் மூளை ஒன்றும் காலிப் பானை இல்லை. ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், ஓர் எல்லைவரை மூளையின் நாளங்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. அழுத்தம் உண்மையிலேயே எகிறும் இடம் கண். சென்னை சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் யோகா பயில்பவர்கள் 75 பேரைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எல்லா வயதினரிடமும் அப்படியே. கிளாக்கோமா உள்ளவர்களுக்குச் சிரசாசனம் கூடாது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதோமுக ஸ்வானாசனம் போன்ற தலைதாழ்ந்த நிலைகளிலும் அழுத்தம் ஏறுவது பிற ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்கும் வகுப்புகள் கண்ணைப் பற்றியும் ஒரு வரி கேட்கலாம்.

சர்வாங்காசனத்தின் கதை சற்று வேறு. நிமிர்ந்த நிலையில் கழுத்து முன்னோக்கி மடங்கும் அளவு ஏறக்குறைய 50 பாகை. வெறுந்தரையில் செய்யும் சர்வாங்காசனம் கேட்பது 90க்கு அருகில். தோள்களுக்கு அடியில் போர்வைகளை அடுக்கித் தலையை மட்டும் தரையில் விடும் பி.கே.எஸ். ஐயங்காரின் முறை இந்தக் கணக்கைத்தான் சரிசெய்கிறது. அந்த ஆசனம் தைராய்டைத் தூண்டும் என்பதற்கு ஆதாரமில்லை. தைராய்டை இயக்குவது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தாடை அழுத்துவதால் அது கூடுவதோ குறைவதோ கிடையாது.

“முறுக்கும் ஆசனங்கள் கழிவைப் பிழிந்து வெளியேற்றும்”

வெளியேற்றாது. கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஆள் தூங்கும்போதும் செய்கின்றன. முறுக்கில் ஆசிரியர் அறிய வேண்டியது வேறு: முதுகு எல்லா இடத்திலும் ஒரே அளவு திரும்பாது. கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளின் இணைப்புகள் முன்பின்னாக மடங்குவதற்கு அமைந்தவை. ஒவ்வொன்றும் திரும்புவது ஓரிரு பாகைதான். மார்புப் பகுதியின் 12 எலும்புகளே திருப்பத்தின் பெரும்பங்கைத் தருகின்றன. அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் “இடுப்பை அசைக்காமல் அடிமுதுகிலிருந்து திரும்புங்கள்” என்று சொன்னால், திரும்ப முடியாத பகுதியும் இடுப்பெலும்பின் பின்மூட்டும் அந்த விசையை ஏற்கின்றன. இடுப்பைச் சற்று உடன்வர விட்டு, மார்பிலிருந்து திரும்புவது பாதுகாப்பானது.

“கையைத் தூக்கு, தோளை இறக்கு” என்ற கட்டளையும் இதே வகையைச் சேர்ந்தது. கையைத் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தும்போது அதில் ஏறக்குறைய 60 பாகை தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. மீதியைத் தோள்மூட்டு தருகிறது. தோள்பட்டையை வலிந்து கீழே இழுத்தால் அந்தச் சுழற்சி தடைப்படும். மேற்கை எலும்புக்கும் தோளின் உச்சிக்கும் இடையிலுள்ள தசைநாணுக்கு இடம் குறையும். தோள் காதருகே ஏறுவது அங்கே குற்றமே அல்ல.

வீரபத்ராசனத்தில் முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்ற விதி உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தது. படியிறங்கும் ஒவ்வொரு முறையும் அது தாண்டத்தான் செய்கிறது. எடையோடு குந்தியெழுந்த 7 ஆண்களின் முழங்காலுக்கு முன் பலகை வைத்துத் தடுத்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், முழங்காலின்மீதான திருப்புவிசை 150லிருந்து 117 நியூட்டன் மீட்டராகக் குறைந்தது. இடுப்பிலோ 28லிருந்து 302 ஆனது. சுமை காணாமல் போகவில்லை, இடம் மாறியது. முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த விதி உதவலாம்; எல்லோருக்கும் சட்டமாக்க அதில் எதுவும் இல்லை.

“முன்னால் குனிவது வயதானவர்களுக்கு ஏற்ற மென்மையான பயிற்சி”

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அமைதியாகத் தீங்கு செய்வது. எலும்புப்புரை நோயில் முள்ளெலும்பின் முன்பாகம் பஞ்சுபோல் பலமிழந்திருக்கும். முதுகை வளைத்துக் குனியும்போது எடை அங்கேதான் குவிகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்புப்புரை வந்த 59 பெண்களை மேயோ கிளினிக் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 1984இல் வெளியிட்ட முடிவு இது: முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும், குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கும் புதிய முள்ளெலும்பு முறிவுகள் தெரிந்தன. எதுவும் செய்யாதவர்களில் 67 விழுக்காடு. தவறான பயிற்சி, சும்மா இருப்பதைவிடவும் மோசமாக முடிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஹலாசனத்தையும் பச்சிமோத்தானாசனத்தையும் மூத்தோர் வகுப்பிலிருந்து எடுத்துவிட இது போதும். புஜங்காசனம், சலபாசனம் ஆகியவற்றின் மிதமான வடிவங்களையும், குனிய வேண்டிய இடத்தில் முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து மடங்குவதையும் கற்பிக்கலாம்.

“வஜ்ராசனத்தில் கால் மரத்துப்போவது இயல்பு, மூச்சை வேகமாக விட்டால் ஆக்சிஜன் கூடும்”

மரத்துப்போவது நரம்பு நசுங்குவதன் அறிகுறி. மணிக்கணக்கில் வஜ்ராசனத்தில் அமர்ந்து பழகிய ஒரு கல்லூரி மாணவருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனதை அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1971இலேயே பதிவுசெய்தது. வஜ்ராசனத்தில் சில நிமிடங்கள் அமர்ந்தால் போதும். மரத்தால் எழுந்துவிட வேண்டும்.

நலமான ஒருவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு ஏற்கெனவே 95 விழுக்காட்டுக்கு மேல். வேகமூச்சு அதை உயர்த்துவதில்லை; கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து மூளையின் நாளங்களைச் சுருக்குகிறது. மூச்சை வேகமாக வெளியேற்றும் கபாலபாதியில் வரும் கிறுகிறுப்பு சக்தி எழுவதன் அடையாளம் அல்ல, நிறுத்தச் சொல்லும் குறி. பிராணாயாமத்தால் உடல் கூடுதல் ஆக்சிஜனை ஈர்க்கிறது என்ற கருத்தைக் குவலயானந்தரே ஏற்கவில்லை. மெதுவான மூச்சின் பலன், நரம்பு மண்டலம் அமைதியடைவதில் இருக்கிறது.

“ஆசிரியர் அழுத்தினால்தான் ஆசனம் முழுமையாகும்”

ஒரு மூட்டின் எல்லை எங்கே என்று முதலில் அறிவது அதற்குள் இருக்கும் நரம்புகள். வெளியிலிருந்து கை வைப்பவருக்கு அது பிந்தித்தான் தெரியும். குனிந்திருப்பவரின் முதுகில் சாய்ந்து எடை போடுவதற்கும், பத்மாசனத்தில் முழங்காலைக் கீழே தள்ளுவதற்கும் உடற்கூற்றில் எந்த நியாயமும் கிடையாது. தொடுவதற்கு முன் மாணவரின் சம்மதம் கேட்க வேண்டும். தொட்டாலும் திசை காட்டுவதோடு நிறுத்த வேண்டும். மாணவரும் தம் மருத்துவ விவரங்களை மறைக்காமல் சொல்லட்டும். குத்தலோ மரத்தலோ தெரிந்ததும் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஆசனத்தைக் கலைத்துவிடட்டும்.