ஷிஃப்ட் விடும் அந்தப் பத்து நிமிஷம்

ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் தங்கச்சி, உன் கடைக்கான கடிகாரம் கம்பெனி கேட்டில் இருக்கிறது. ஷிஃப்ட் விட்டுக் கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் கிடைக்கும் பத்து நிமிஷம்தான் உன் வியாபாரம். அந்த நேரத்தில் மூட்டை பிரிக்காதே, சில்லறை தேடி ஓடாதே. ஸ்கேன் பண்ணும் அட்டையை ஒன்றோடு நிறுத்தாமல் கடையின் இரண்டு ஓரத்திலும் ஒட்டு. ஒருவர் தோள்மேல் இன்னொருவர் எட்டிப் பார்க்கும் தொல்லை தீரும்.

ஷாம்பூ பாக்கெட்டைச் சரம் சரமாகத் தொங்கவிட்டால் கடை நிறைந்த மாதிரி இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். வாங்க வருகிறவரோ குனிந்து உன் முகத்தைத் தேடுகிறார். நடுவில் இரண்டடி விட்டுவிட்டுச் சரங்களை ஓரத்துக்குத் தள்ளு. பல்பு உன் தலைக்குப் பின்னால் எரிந்தால் வெளியே நிற்பவருக்கு உன் நிழல்தான் தெரியும். முன்பக்கச் சட்டத்தில், சரக்கு மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி மாட்டு. காய்கறி விற்றால் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் போடு. வெள்ளை பல்பில் தக்காளி வெளிறிப்போய்த் தெரியும்.

போர்டு விஷயத்தில் நான் பட்டதைக் கேள். என் தையல் கடைக்கு முதலில் வைத்த ஃபிளெக்ஸில் மயில், ரோஜா, என் போட்டோ எல்லாம் இருந்தன. ‘பிளவுஸ் தைக்கப்படும்’ என்பது மட்டும் அடியில் ஒரு மூலையில். மூன்று மாதம் ‘பார்லரா அக்கா?’ என்றுதான் கேட்டார்கள். என்ன விற்கிறாய் என்பதைப் பெரிதாக எழுது. தமிழ் முதலில், பிறகு ஆங்கிலம், பிற மொழி, மூன்றும் 5:3:2 கணக்கில் என்பது அரசு விதி. அந்த 2 பங்கில் இந்தியோ ஒடியாவோ எழுதலாம். விலையை எண்ணில் பெரிதாக எழுதி வை, எண்ணுக்கு மொழி வேண்டாம்.

ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்த பிள்ளைகள் கடுகு எண்ணெயும் பொரியும் கேட்பார்கள். அரை லிட்டர் பாட்டிலாக நாலு வாங்கிப் போட்டுப் பார், ஓடினால் கூட்டு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். அவ்வளவு பெண்கள் இருக்கும் ஊரில் நாப்கினை உள்ளே ஒளித்து வைத்துக் கறுப்புக் கவரில் சுற்றித் தருவது என்ன நியாயம்? கைக்கெட்டும் தட்டில் வை, அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

பணம் வேண்டுமென்றால் கந்துவட்டிக்காரரிடம் போகுமுன் அரசின் சிறு தொழில் பதிவுத் தளமான உத்யமில் கடையைப் பதிவு செய். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். 2021 ஜூலையிலிருந்து சில்லறைக் கடைக்காரர்களும் அதில் சேரலாம். செய்து தருகிறேன் என்று யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பு. முத்ரா கடன் திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். வங்கிக்கு உன் வரவு தெரிய வேண்டும், அதனால் வியாபாரப் பணத்தைத் தனிக் கணக்கில் வாங்கு, வீட்டுச் செலவோடு கலக்காதே. புதிதாகக் கடை தொடங்கப் போகிறாயா? எட்டாவது படித்திருந்தால், 25 சதவீத மானியத்தோடு கடன் தரும் மாநிலத் திட்டம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேள்.

கடன் நோட்டில் ஒருவருக்கு ஒரு வரம்பு எழுதி வை. காண்ட்ராக்ட் பிள்ளைகள் திடீரென்று ஊர் மாறிவிடுவார்கள், பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

இன்னொன்று, ஒரே கேட்டை நம்பிக் கடையைப் பெரிதாக்காதே. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கும் மாதச் சாமான் லிஸ்ட் கட்டிக் கொடு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கு.

நாளை மாலை ஷிஃப்ட் விடும் நேரத்தில் கடையை யாரிடமாவது பத்து நிமிஷம் விட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று உன் கடையை ஒரு போட்டோ எடு. என்ன விற்கிறாய் என்று அதில் தெரியவில்லையென்றால், போர்டுதான் முதல் வேலை.