மரப் பள்ளிவாசல்கள் நிற்கும் இரு கிராமங்கள்

போலந்து நாட்டில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களே பெரும்பான்மையினர். ஆயினும் அதன் வடகிழக்கில், பெலருஸ் எல்லைக்கு அண்மையில், குருஷின்யானி, பொஹோனிகி என்னும் இரு சிறு கிராமங்களில் மரத்தாலான பழைய பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. அவை அங்கு எவ்வாறு வந்தன?

போலந்தின் நிருவாக அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். நாடு 16 மாகாணங்களாகவும், மாகாணங்கள் மாவட்டங்களாகவும், அவை கிமினாக்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. கிமினா நமது பிரதேச சபையை ஒத்தது. பாடசாலை, குடிநீர், உள்ளூர் வீதி முதலியவற்றை அதுவே கவனிக்கிறது. கிமினாவுக்குட்பட்ட கிராமங்களில் மக்கள் தம்முள் ஒருவரைச் "சோல்திஸ்" எனப்படும் கிராமத் தலைவராகத் தெரிவு செய்வர். குருஷின்யானி கிரின்கி கிமினாவிலும், பொஹோனிகி சொகூவ்கா கிமினாவிலும் அடங்கும்.

இங்கு வாழும் முஸ்லிம்கள் தாத்தாரியர். இவர்களது முன்னோர் 14ஆம் நூற்றாண்டிலிருந்து லித்துவேனியப் பெருநிலத்தில் குடியேறிய போர்வீரர்கள். குதிரைப் படையில் பெயர்பெற்ற இவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை வழங்க அரச திறைசேரியில் பணம் இருக்கவில்லை. எனவே 1679இல் மன்னர் மூன்றாம் யான் சொபியெஸ்கி அதற்குப் பதிலாக நிலங்களை வழங்கினார். அவ்வாறு கிடைத்தவையே இவ்விரு கிராமங்களும்.

குருஷின்யானிப் பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பச்சை வர்ணம் பூசப்பட்ட அதன் முகப்பில் இரு கோபுரங்கள் உள்ளன. உள்ளூர்த் தச்சர்கள் தாம் அறிந்த முறையிலேயே கட்டியதால் அது தூரத்தில் ஒரு தேவாலயம் போலத் தோன்றும். கோபுர உச்சியிலுள்ள பிறைதான் அது அல்லாஹ்வின் இல்லம் என்பதைக் காட்டுகிறது. உள்ளே மிஹ்ராபும் மின்பரும், பெண்கள் தொழுவதற்குத் தனியிடமும் உண்டு. சுவர்களில் திருக்குர்ஆன் வசனங்கள் எழுதிய சட்டகங்கள் தொங்குகின்றன. பொஹோனிகிப் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டுக்குரியது. இரு கிராமங்களிலும் பழைய மையவாடிகளும் உள்ளன. 2012இல் இவை போலந்தின் வரலாற்றுச் சின்னங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன.

சகோதரிகளே, இவர்களது வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சில தலைமுறைகளுக்குள் தாத்தாரியர் தம் தாய்மொழியை இழந்து, அயலவரின் மொழியையே பேசத் தொடங்கினர். ஆனால் மார்க்கத்தை இழக்கவில்லை. போலந்து, பெலருஸ் மொழிகளை அரபு எழுத்துக்களில் எழுதி, துஆக்களையும் மார்க்க விளக்கங்களையும் கையெழுத்து நூல்களாக்கினர். அவற்றைக் "கிதாப்" என அழைத்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழை வளர்த்த நம் முன்னோரும் இதையே செய்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு சமூகங்கள் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

இன்று தொழில் தேடி இளைஞர்கள் பியலிஸ்டொக் போன்ற நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமங்களில் சில தாத்தாரியக் குடும்பங்களே எஞ்சியுள்ளன. ஆயினும் பெருநாள் தினங்களில் நகரங்களிலிருந்து உறவினர்கள் திரும்பி வந்து, அந்த மரப் பள்ளிவாசல்களில் ஒன்றாகத் தொழுகின்றனர்.

சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த நிலம் பலர் கைவிட்டுப் போய்விட்டது. எழுதிவைத்த கிதாபும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஸூராக்களுமே அச்சமூகத்தை இதுவரை தாங்கி வந்துள்ளன. நம் வீட்டு அலுமாரிகளிலும் மூத்தம்மாவின் அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று இருக்கக்கூடும். அதை எடுத்து, வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் இன்றே கேட்டுப் படிப்போமா?