தொட்டால் ஒட்டுவது அன்பு மட்டும்தான்!

சேலம், நாமக்கல் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கைக்கு வருவது ஒரு சொம்புத் தண்ணீர்தான். ‘வாங்க... வாங்க... உட்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தையே கேட்பார்கள். சுட்டெரிக்கும் வெயிலில் வந்தவருக்கு அதைவிடப் பெரிய உபசாரம் வேறென்ன இருக்கிறது?

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

உங்கள் சித்தி மகள் வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது உயிரோடு இல்லை. ‘அவளுக்கும் ஹெச்.ஐ.வி. இருக்காம்’ என்று சொந்தத்தில் அரசல்புரசலாகப் பேச்சு. ‘வா கண்ணு’ என்று நீங்கள் வாய் நிறையத்தான் கூப்பிடுகிறீர்கள். ஆனால் உங்கள் கை, எவர்சில்வர் டம்ளரை விட்டுவிட்டு பேப்பர் கப்பைத் தேடுகிறது. அவள் கிளம்பியதும் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறீர்கள்.

ஒரு வார்த்தைகூட நீங்கள் தப்பாகப் பேசவில்லை. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி அந்த வழியாக பஸ்ஸில் போனாலும் உங்கள் ஸ்டாப்பில் இறங்கமாட்டாள்.

அன்பாக இருக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்தவர்களிடம் அன்பாக இருப்பது சுலபம். பயம் வருகிற இடத்தில்தான் அன்புக்குப் பரீட்சையே! அந்தப் பயம் போக வேண்டுமானால் முதலில் விஷயம் தெரிய வேண்டும்.

நம் ஊரில் நடந்தது

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான், 1986-ல். அடுத்த சில ஆண்டுகளில் அது நெடுஞ்சாலைகளோடு சேர்ந்து பயணம் செய்தது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பேர்போனவை. திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளிமாநிலத்தில் இருக்கிற தொழில்கள் இவை. தொற்று அதிகமாகக் காணப்பட்ட மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்றாக இருந்ததில் ஆச்சரியமில்லை. அதற்காக டிரைவர் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்ப்பது பெரிய பாவம்!

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவுக்கு 1995-ல் திருமணம் நடந்தது. கொஞ்ச நாளிலேயே தனக்குக் கணவர் மூலம் ஹெச்.ஐ.வி. வந்திருப்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் இந்த நோயைப் பற்றி வெளியே மூச்சுவிடவே எல்லோரும் பயந்தார்கள். அவரோ, பெயரும் முகமும் மறைக்காமல் பேச முன்வந்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்ற அமைப்பு 1998-ல் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2015-ல் அவருக்கு மத்திய அரசின் நாரி சக்தி விருது வழங்கப்பட்டது.

ஒரு கை குலுக்கல்

1987-ம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான வார்டைத் திறந்து வைக்க வந்தார் இளவரசி டயானா. தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் நம்பிய நேரம் அது. அவர் கையுறை போடாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சில விநாடிகளில் முடிந்துபோன காரியம்தான். ஆனால் அந்தப் படம் உலகம் முழுக்கப் போய், எத்தனையோ பேரின் பயத்தைத் தெளிய வைத்தது.

எதனால் பரவாது?

தொடுவதால், கட்டியணைப்பதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் குடிப்பதால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால், இருமலால், கொசுக்கடியால்... இவை எதனாலும் ஹெச்.ஐ.வி. பரவாது.

பரவும் வழிகள் நான்கு: பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. நான்காவதையும் இன்று பெருமளவு தடுக்க முடியும். சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை பாதிக்கப்படலாம். சரியான மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடுகிறது.

கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரலிலிருந்து அரசு மருத்துவமனைகள் மூலம் இலவசமாகத் தரப்படுகிறது. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை நோய்க்காரரைப் போல, ரத்தக் கொதிப்புக்காரரைப் போல நீண்ட காலம் நலமாக வாழலாம். ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், தாம்பத்திய உறவின் மூலம்கூடத் துணைக்குப் பரவுவதில்லை.

பேப்பர் கப் செய்யும் கெடுதல்

அந்தத் தங்கை ஒரு கல்யாணத்துக்காக உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை டப்பாவை வெளியே எடுத்தால் ‘இது என்ன மாத்திரை?’ என்று கேட்பார்களே என்று பயம். எடுக்காமலே விட்டுவிடுகிறாள். இப்படி அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மறுபடி பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸாகவும் மாறிவிடலாம். அப்புறம் வேறு மருந்துதான் தேட வேண்டியிருக்கும்.

பார்த்தீர்களா? நாம் முகம் சுளிப்பது அவள் மனசை மட்டும் வாட்டுவதில்லை, மாத்திரையையும் நிறுத்த வைக்கிறது. நாம் காட்டுகிற சின்ன அன்பு, அவளுக்கு மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

* வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீரும் காபியும் கொடுங்கள். அவர் கொடுக்கும் காபியையும் தயங்காமல் வாங்கிக் குடியுங்கள்.

* பக்கத்தில் உட்காருங்கள். தோளில் கை போட்டுப் பேசுங்கள்.

* ‘எப்படி வந்துச்சு?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்று கேளுங்கள், போதும்.

* தெரிந்த விஷயத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரது ஹெச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது. வேலை, பள்ளி, மருத்துவமனை, வாடகை வீடு எதிலும் அவரை ஒதுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

* கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் போகும்போது ‘நீயும் வா’ என்று கூப்பிடுங்கள். விசேஷங்களுக்குப் பத்திரிகை வையுங்கள்.

* மருந்து வாங்கப் போகும் நாளில் கூடப் போங்கள். முடியாவிட்டால் அவர் குழந்தையை அன்று சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளுங்கள்.

* நல்ல சாப்பாடு அவருக்கு மிக முக்கியம். நாமக்கல் முட்டைக்கா நமக்குப் பஞ்சம்? நீங்கள் முட்டைக் குழம்பு வைக்கும் நாளில் ஒரு கிண்ணம் அங்கேயும் போகட்டும்.

* உங்கள் பிள்ளைகளை அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

ரேஸர், பல் துலக்கும் பிரஷ் இவற்றை மட்டும் அவரவர் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இது எந்த நோயும் இல்லாத வீட்டுக்கும் பொருந்துகிற சுகாதாரம்தான்.

யாருக்காவது சந்தேகமா? அரசு மருத்துவமனைகளில் உள்ள ‘நம்பிக்கை மைய’த்தில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாக வைக்கப்படும். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

நமக்கு அருகிலிருக்கும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையேழு வள்ளல்களில் ஒருவர். அவர் மாதிரி அள்ளிக் கொடுக்க நம்மால் முடியாமல் போகலாம். வாசலில் வந்து நிற்பவருக்கு வீட்டு டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க நிச்சயம் முடியும். அந்தப் பேப்பர் கப்பை இன்றைக்கே உள்ளே எடுத்து வைத்துவிடுங்களேன்!