நீர் ஏறாத காப்பிப் பொறி

நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும் இயல்பினது. அஃது ஏறவேண்டுமாயின் ஏற்றுவதொரு விசை வேண்டும். இறங்கவேண்டுமாயின் வழியில் தடை இருத்தலாகாது. இவ்விரண்டு வாக்கியங்களுக்குள் நம் இல்லங்களில் நீர் கொண்டு இயங்கும் கருவிகளின் பழுதுகளிற் பெரும்பாலானவை அடங்கும். அதனை ஒரு காப்பிப் பொறியைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். காப்பி எளிய பொருளே. ஆயினும், ஆராயாது தீர்ப்புக் கூறுதலால் விளையும் தீங்கு எளியதன்று என்பதை அப்பொறியே எமக்குக் கற்பித்தமையின், அந்நிகழ்ச்சியை முதற்கண் கூறுவாம்.

எம் ஆசிரியர் அறையில் மின்சாரத்தால் இயங்கும் காப்பிப் பொறியொன்று உண்டு. நாள்தோறும் காலையில் அதற்கு நீர் ஊற்றிப் பொடியிட்டுக் காப்பி இறக்கி வைப்பவர் எம் துறையின் முதிய பணியாளர். வாங்கிய புதிதில் பத்துக் கோப்பை நீர் இறங்குவதற்குப் பத்து நிமிடங்கள் ஆயின. ஈராண்டு கழிந்தபின் அது 25 நிமிடங்களாயிற்று. ஒருநாட் காலை பொறி உறுமிற்று, ஆவி எழுந்தது, கண்ணாடிக் கூஜாவில் ஒரு துளியும் விழவில்லை. பெரியவர் பொடியை நீர்த்தொட்டியிற் கொட்டியிருப்பார் என்றார் ஒருவர். நீரில்லாமலே பொறியை ஓட்டியிருப்பார் என்றார் மற்றொருவர். புதுப்பொறியின் விலையில் ஒரு பங்கை அவரிடமே பெறவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. "ஐயா, நான் என்றைக்கும் ஊற்றுகிற அளவுக்குத்தான் ஊற்றினேன்" என்று அவர் சொன்னதை யாரும் செவியேற்றிலர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்: யாமும் ஒன்றும் ஆராயாமல் வாளா இருந்துவிட்டோம்.

அன்று மாலை, அறிக்கைப் புத்தகம் கொடுக்க வந்த இரசாயன வகுப்பு மாணவர் ஒருவர் தொட்டிக்குள் எட்டிப்பார்த்து, "ஐயா, எங்கள் விடுதியில் வெந்நீர் அண்டாவிலும் இப்படித்தான் வெள்ளையாகப் படிந்திருக்கிறது" என்றார். அச்சொல்லே எம்மை விழிப்பித்தது. மறுநாள் அப்பொறியை முறைப்படி ஆராயப் புகுந்தோம்.

பொறியின் அமைப்பு

பெளதிகம் கற்பிக்கும் யாம் முதலிற் செய்த பிழை, நீரை மேலேற்றும் பம்பு எங்கே என்று தேடியதாகும். இவ்வகைப் பொறியிற் பம்பு இல்லை! காகித வடிகட்டியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் அம்மையார் 1908-இல் வகுத்தார். மின்சாரத்தாற் சொட்டுச் சொட்டாகக் காப்பி இறக்கும் வீட்டுப் பொறியை அந்நாட்டுக் கோட்லோப் விட்மன் என்பார் 1954-இல் 'விகோமாட்' என்னும் பெயரால் வெளியிட்டார். அது முதல் இன்றளவும் இவ்வகையின் எளிய பொறிகள் பெரும்பாலும் ஒரே தத்துவத்தைப் பின்பற்றுகின்றன.

தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே நீர் தன் எடையால் இறங்குகின்றது. துளையை அடுத்து ஒருவழி வால்வு உண்டு. அது நீரை முன்னே விடும், பின்னே விடாது. அப்பால் கூஜா வைக்கும் சூட்டுத் தட்டின் அடியிற் குதிரைலாட வடிவாய் வளைந்த அலுமினியக் குழாயினுள் நீர் புகுகின்றது. அக்குழாயோடு ஒட்டியுள்ள மின்கம்பி அதனைச் சூடாக்க, நீரின் ஒரு சிறு பகுதி கொதித்து ஆவியாகின்றது. ஒரு பங்கு நீர் ஆவியாங்கால் ஏறக்குறைய 1,600 பங்கு இடத்தை வேண்டும். அவ்வாவிக் குமிழிகள் பின்னே செல்ல வால்வு இடங்கொடாமையால், முன்னேயுள்ள வெந்நீரை ஏறுகுழாய் வழியே மேலே தள்ளுகின்றன. மேலேறிய நீர் தூவுவாயின் துளைகளால் பொடியின்மேல் விழுந்து, காகிதத்தில் வடிந்து, கூஜாவை அடைகின்றது. பொறி வேலை செய்யுங்கால் நாம் கேட்கும் 'களக் களக்' என்னும் ஓசை இக்குமிழிகளின் ஓசையே.

ஆகவே தொட்டி, வால்வு, சூடேற்றும் குழாய், ஏறுகுழாய், தூவுவாய், வடிகட்டி, கூஜா என ஏழு நிலைகளைக் கடந்தே நீர் காப்பியாகின்றது. 'பொறி கெட்டுவிட்டது' என்பது ஒரு விடையன்று. நீர் எந்நிலையில் நின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

சுண்ணாம்பின் செயல்

எம் பொறியில் நீர் நின்ற இடம் சூடேற்றும் குழாய். காரணம் சுண்ணாம்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்ஷியம் பைகார்பனேட் என்னும் உப்புக் கரைந்திருத்தல் பெரும்பான்மை. நீரைக் காய்ச்சும்பொழுது அது சிதைந்து, கரியமிலவாயு வெளியேற, கரையாத கால்ஷியம் கார்பனேட் தங்கிவிடுகின்றது. சர்க்கரை சூட்டில் மிகுதியாகக் கரையும்; இதுவோ சூடு மிகமிகக் குறைவாகக் கரையும். ஆதலின் பொறியில் எவ்விடம் மிகச் சூடானதோ அவ்விடத்திலேயே படியும். அவ்விடமே மிகக் குறுகியதாகவும் அமைந்தது இப்பொறியின் ஊழ் போலும்.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 வரை பொறுக்கலாமென்றும் கூறுகின்றது. நாளொன்றுக்கு 2 லிட்டர் என்றும், ஆண்டில் 250 நாள் என்றும், நீர் 200 அளவினது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டில் 100 கிராம் உப்பு அப்பொறியைக் கடந்து செல்கின்றது. அதிற் பத்தில் ஒரு பங்கே தங்கினும் 10 கிராம் சுண்ணாம்புக் கல். சுண்டுவிரலும் நுழையாத குழாய்க்கு அது போதாதோ? மேலும், இப்படிவு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தினும் நூறு மடங்குக்குமேல் மந்தமானது. எனவே குழாய் மிகைச் சூடேறுகின்றது. நீரோ போதிய சூடு பெறுவதில்லை. உறுமலும் ஆவியும் மிகுந்து நீர் குறைந்ததன் காரணம் இதுவே.

ஆராயும் முறை

இனி, இத்தகைய பழுது நேர்ந்தவிடத்து ஆராயவேண்டிய ஒழுங்கைக் கூறுவாம். கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றிப் பொறியை நன்றாக ஆறவிடல் வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது.

முதலாவது, பொடியும் காகிதமும் இன்றி வெறும் நீரை ஊற்றி ஓட்டி, ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க. நீர் முன்போல விரைந்து இறங்குமாயின் குற்றம் பொறியிலன்று, பொடியிலோ காகிதத்திலோ ஆம். மிக நுண்ணிதாக அரைத்த பொடி, அளவுக்கு மிஞ்சிய பொடி, ஒட்டிக்கொண்ட இரண்டு காகிதங்கள் ஆகிய இவை நீரைத் தேக்கி வடிகூடை வழியச் செய்யும். கூஜாவை எடுத்தாற் சொட்டு நிற்கும்படி கூடையின் அடியில் ஒரு சிறு அடைப்பான் உண்டு. கூஜாவின் மூடி சரியாகப் பொருந்தாதபோது அது திறவாது; அப்பொழுதும் கூடை வழியும்.

இரண்டாவது, வெறும் நீரும் இறங்கவில்லையாயின், தட்டுச் சூடேறுகின்றதா என்று காண்க. விளக்கு எரிந்தும் சூடு இல்லையேல் தெர்மோஸ்டாட்டோ வெப்பப் பியூஸோ பழுதாகியிருக்கலாம். அது மின்தொழில் அறிந்தாரிடம் விடத்தக்கது. ஆயினும் ஒன்றை அவரிடம் கூறுக: படிவினால் மிகைச் சூடேறிப் பியூஸ் போயிருப்பின், படிவை நீக்காமற் புதுப் பியூஸ் இடுதல் பயனற்றது, அதுவும் போய்விடும்.

மூன்றாவது, சூடு உண்டு, நீர் ஏறவில்லையாயின், தொட்டியைக் காண்க. கழற்றும் தொட்டியாயின் அது தன் இடத்திற் சரியாக அமர்ந்தாலன்றி அடித்துளை திறவாது. வால்வில் ஒரு துரும்பு சிக்கினும் வழி அடைபடும். நீரின்றி ஓடிய பொறியிற் காற்று அடைபட்டு நிற்றலும் உண்டு. ஆறவிட்டு, தொட்டியை நிறைய நிரப்பி, பொறியை மெல்லத் தட்டினாற் காற்றுக் குமிழி வெளியேறும்.

நான்காவது, இவையெல்லாம் செம்மையாயிருந்தும் ஆவியும் உறுமலும் மிகுந்து நீர் குறைந்தால் அது படிவே என்று துணியலாம். அதற்கு மருந்து புளிப்பு. ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்தோ, வெள்ளைக் காடியை ஒத்த அளவு நீரோடு கலந்தோ தொட்டியில் ஊற்றுக. பாதி நீர் இறங்கியதும் பொறியை நிறுத்தி, அரைமணி நேரம் விட்டு, மீண்டும் ஓட்டுக. பின்னர் நல்ல நீரை இரண்டு மூன்று முறை ஓட்டிப் புளிப்பை முற்றும் நீக்குக. அலுமினியத்தை அமிலம் தின்னும் ஆதலின் இரவு முழுதும் ஊறவிடலாகாது. பொறியோடு வந்த குறிப்பேடு வேறு முறை கூறின் அதனையே பின்பற்றுக. வெளுப்புத் திராவகத்தை அமிலத்தோடு ஒருகாலும் சேர்த்தலாகாது. குளோரின் என்னும் நச்சுவாயு எழும். கம்பியைக் குழாயினுள் செலுத்திக் குடைதலும், வாயால் ஊதுதலும் தகாதன.

எம் பொறியில் வழி முற்றும் அடைபட்டிருந்தமையால் அமிலநீர் ஏறவேயில்லை. ஒரு நிமிடம் சூடேற்றுவதும் அரைமணி நேரம் நிறுத்துவதுமாக மூன்று முறை செய்தோம். இரண்டாம் முறையில் தொட்டியின் அடித்துளையிலிருந்து நுண்ணிய குமிழிகள் எழலாயின. அமிலம் சுண்ணாம்பைத் தின்னுங்கால் எழும் கரியமிலவாயுவே அது. மூன்றாம் முறையில் வெண்டுகளோடு கலங்கிய நீர் தூவுவாயில் வந்து விழுந்தது. அடைத்திருந்த தூவுவாய்த் துளைகளை ஊசியால் திறந்தோம். மாலையில் பத்துக் கோப்பை நல்ல நீர் 11 நிமிடங்களில் இறங்கிற்று.

ஏனைய கருவிகள்

இம்முறை இப்பொறிக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பித்தளைப் பில்டரை எடுத்துக்கொள்வோம். அதில் டிகாக்‌ஷன் இறங்காது நிற்பதற்குப் பொடியை அழுத்தி இடுதலும், தட்டின் துளைகள் அடைபடுதலும் ஆகிய காரணங்களை யாவரும் அறிவர். பிறிதொன்றும் உண்டு. மேற்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்தில் இறுகப் பொருந்திவிட்டால் கீழேயுள்ள காற்று வெளியேற வழியில்லை. இறங்கும் துளியை அக்காற்றே தாங்கி நிறுத்தும். மேற்பாத்திரத்தைச் சிறிது தூக்கி வைத்த மாத்திரத்திற் சொட்டத் தொடங்குதல் இதனாலேயாம். நம் பாட்டிமார் இதனைப் பெளதிகம் பயிலாமலே செய்தனர்.

பம்பினால் நீரை அழுத்தும் எஸ்பிரஸ்ஸோப் பொறியிற் காற்றுப் புகுந்தாற் பம்பு ஓசையிடும், நீர் வாராது. வெந்நீர்க் குழாயைத் திறந்து சிறிது ஓட்டினாற் காற்று நீங்கும். துணி துவைக்கும் பொறியில் நீர் மெல்ல நிரம்பின், குழாயை மூடிவிட்டு, நீர் புகும் வாயிலுள்ள சிறு சல்லடையைக் கழற்றிக் கழுவுக. மணலும் துருவும் அங்கே திரண்டிருக்கும். குளியலறையிற் குளிர்நீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்து வருமாயின் குற்றம் கீசரின் வழியிலுள்ளது. இரண்டும் மெலிந்தாற் குழாயின் முகத்துச் சல்லடையையோ மேல்தொட்டியையோ காண்க. கீசர் அழுத்தமும் மின்சாரமும் உடையது. அதனை நாமே பிரித்தலாகாது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நீர் சென்ற வழியே நாமும் சென்று, அது நின்ற இடத்தில் நிற்றலே இக்கலையின் முழுமையும். எம் துறையில் அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. பொறியைத் திறந்து பாராமல் மனிதரைக் குற்றவாளியாக்கினோம். இரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் படிந்த சுண்ணாம்பின் குற்றத்தை, அன்று காலை கடைசியாகப் பொறியைத் தொட்டவர் மேல் ஏற்றினோம். கடைசியில் தொட்டவரே கெடுத்தவர் என்பது தர்க்கத்தின் பழைய பிழைகளுள் ஒன்று. கற்றோரும் அதற்கு விலக்கல்லர்.

மறுநாட் காலை, அனைவரும் கூடியிருக்கையில், தொட்டியிலிருந்து எடுத்த வெண்டுகளைத் தட்டிலிட்டுக் காட்டிப் பெரியவரிடம் மன்னிப்பு வேண்டினோம். அவர் அத்துகளை விரலால் தொட்டுப் பார்த்து, "நம்ம ஊர்த் தண்ணீர்தானே ஐயா" என்று மட்டும் சொன்னார். இப்பொழுது நாள்காட்டியில், திங்கட்கிழமைதோறும் காப்பி இறங்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை அவரே குறித்து வருகின்றார். 13 என்று எழுதப்பட்ட வாரத்தில் சிட்ரிக் அமிலம் வாங்கப்படும். அதன்பின் அப்பொறி நின்றதில்லை.