மனைவரியும் மாதச் செலவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் சென்று வாழ்வோர் தொகை பெருகிவரும் காலம் இது. ‘அங்கே சம்பளம் அதிகம்’, ‘இங்கே வீட்டுவரி குறைவு’ என்னும் சொற்களை நாள்தோறும் கேட்கிறோம். ஒரு மாநிலத்தின் வரியையும் செலவையும் மற்றொரு மாநிலத்தோடு ஒப்பிடுவது எளிதன்று. அதற்கென்று ஒரு நெறி உண்டு. பின்னலாடைத் தொழிலால் பல மாநில மக்களும் கூடி வாழும் அருள்புரத்தை முன்வைத்து அந்நெறியை விளக்குகிறது இப்பாடம்.

தொழிலூரின் குடியிருப்புகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது அருள்புரம். இது பல்லடம் ஒன்றியத்தின் கரைப்புதூர் ஊராட்சிப் பகுதியைச் சேர்ந்தது. பனியன் நிறுவனங்களும் சாயப்பட்டறைகளும் சாயக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் இங்கு உள்ளன. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர். ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் ‘லைன் வீடுகள்’ இவர்களுள் பலருக்கு உறைவிடம்.

இங்கு வாடகைக்கு வாழும் தொழிலாளியின் பெயரில் வீட்டுவரி இரசீது இராது. எனினும் அவர் வரியிலிருந்து முற்றும் விலகியவர் அல்லர். வீட்டு உரிமையாளர் செலுத்தும் வரியின் ஒரு பகுதியேனும் வாடகையில் கலந்து அவரை வந்தடையக்கூடும். எனவே சொத்துவரி என்பது சொத்துடையோரின் செய்தி மட்டுமன்று. சொத்தில்லாதோரின் வாழ்வையும் தொடும் செய்தியாகும்.

வரியின் வேர்கள்

மனைக்கும் தொழிலுக்கும் வரி விதிப்பது தமிழர்க்குப் புதிதன்று. மனையிறை, தறியிறை முதலிய வரிப்பெயர்கள் பழங்கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. வணிகர்மீதான சுங்கத்தை நீக்கியமையால் முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பட்டான். வரி கொள்ளும் முறை அறமுடையதாக இருத்தல் வேண்டும் என்பதைப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துரைத்ததைப் புறநானூறு காட்டுகிறது.

இன்று நிலத்தின்மீதும் கட்டடத்தின்மீதும் வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் மாநிலப் பட்டியல் மாநிலங்களுக்கு வழங்குகிறது. 1992ஆம் ஆண்டு நிறைவேறிய 73, 74ஆம் திருத்தங்களுக்குப் பின்னர், மாநிலச் சட்டமன்றங்கள் இவ்வதிகாரத்தை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வழங்க வழி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி சிற்றூராட்சிகள் வீட்டுவரி பெறுகின்றன. வரி விதிக்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதன் காரணம் இதுவே.

கணக்கிடும் முறைகள் மூன்று

ஒரு வீட்டின் வரியை எவ்வாறு வரையறுப்பது? இந்திய நகரங்களில் இதற்கு மூன்று முறைகள் வழங்குகின்றன.

முதலாவது, ஆண்டு வாடகை மதிப்பு முறை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என மதிப்பிட்டு, அதில் ஒரு பங்கை வரியாகக் கொள்வது இது. தமிழ்நாட்டு நகரங்கள் பின்பற்றுவது இம்முறையே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இருந்த இடங்களில் பழைய வீடுகளின் மதிப்பு உயராமல் தேங்கியதால், வேறு முறைகளை நாடும் நிலை பல நகரங்களுக்கு ஏற்பட்டது.

இரண்டாவது, அலகுப் பரப்பு முறை. பகுதிக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்பச் சதுர அடிக்கோ சதுர மீட்டருக்கோ ஒரு மதிப்பை முன்னரே அறிவித்து, அதனைக் கட்டடப் பரப்பால் பெருக்குவது இது. பாட்னா 1993ஆம் ஆண்டு பரப்பை அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறியது. தில்லி 2004ஆம் ஆண்டிலும் பெங்களூரு 2008ஆம் ஆண்டிலும் இவ்வழியை மேற்கொண்டன. வீட்டுக்காரரே தம் வரியைக் கணக்கிட இயல்வது இதன் சிறப்பு.

மூன்றாவது, மூலதன மதிப்பு முறை. சொத்தின் சந்தை விலையை ஒட்டி வரி அமைகிறது. மும்பை 2010ஆம் ஆண்டு முதல் இம்முறையைக் கடைப்பிடிக்கிறது. நிலவிலை ஏறும் நகரில் இது உள்ளாட்சிக்கு வருவாயைப் பெருக்கும். ஆயின், விலை ஏறிய வீட்டில் வருவாயின்றி வாழும் முதியவருக்கு அதுவே சுமையாகும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு நகர்ப்புறச் சொத்துவரி சீராய்வு செய்யப்பட்டது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் வரி உயர்த்தப்பட்டது. பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்பதே இதன் அடிப்படை. நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெறச் சொத்துவரியின் குறைந்த அளவை அறிவிக்க வேண்டும் எனப் பதினைந்தாவது நிதிக்குழு விதித்த நிபந்தனை இதற்குப் பின்னணியாக இருந்தது.

விலக்கும் வேறு வரிகளும்

வரி விகிதத்தை மட்டும் பார்த்தால் ஒப்பீடு முழுமை பெறாது. யாருக்கு விலக்கு என்பதையும் பார்த்தல் வேண்டும். மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022ஆம் ஆண்டு சொத்துவரி விலக்கு அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் ஆண்டுதோறும் உள்ளாட்சிக்குச் செலுத்தும் வரியோடு, கட்டடம் எழும்பியதும் வருவாய்த் துறைக்கு ஒருமுறை மட்டும் செலுத்தும் கட்டட வரியும் உண்டு. அதற்கென 1975ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது. ஆண்டு வரியை மட்டும் ஒப்பிடுபவர் இதனைக் காணத் தவறுவர்.

வீடு வாங்கும்போது செலுத்தும் கட்டணமும் ஒன்றுபோல் இல்லை. விற்பனை ஆவணத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. கேரளத்தில் இவை முறையே 8, 2 விழுக்காடுகளாகும். தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களில் உள்ளாட்சிகள் தொழில்வரி பெறுகின்றன. தில்லி, உத்தரப்பிரதேசம், இராஜஸ்தான் ஆகியவற்றில் தொழில்வரி இல்லை. இவ்வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைக் கடத்தல் கூடாது என அரசியலமைப்பு வரம்பு கட்டியுள்ளது. 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி நாடெங்கும் பெரும்பாலும் ஒரே விகிதத்தில் உள்ளது. பெட்ரோல், டீசல் ஆகியன அதற்கு வெளியே இருப்பதால் அவற்றின் விலை மாநில எல்லையைக் கடந்ததும் மாறுகிறது.

செலவும் விலையும் ஒன்றல்ல

2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, ஒருவருக்கான சராசரி மாதச் செலவு தமிழ்நாட்டின் ஊரகத்தில் 5,310 ரூபாய். பீகாரின் ஊரகத்தில் 3,384 ரூபாய். ஒடிசாவின் ஊரகத்தில் 2,950 ரூபாய். இவ்வெண்களைக் கண்டதும் ‘தமிழ்நாட்டில் வாழ ஒன்றரை மடங்கு செலவாகும்’ என முடிவு கட்டுதல் பிழையாகும். இவை மக்கள் செலவிட்ட தொகையைக் காட்டுகின்றனவே அன்றி, ஒரே பொருளின் விலையை ஒப்பிட்டுக் காட்டுவன அல்ல. வருவாய் மிகுந்த இடத்தில் மக்கள் மிகுதியாக நுகர்வர், மிகுதியாகச் செலவிடுவர்.

நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணையும் இவ்வாறே கவனத்துடன் கையாள வேண்டும். குறிப்பிட்ட ஆண்டை 100 எனக் கொண்டு, அதே இடத்தில் விலை எவ்வளவு ஏறியது என்பதையே அது அளக்கிறது. இரு நகரங்களின் குறியீட்டெண்களை அருகருகே வைத்து எந்நகர் செலவு மிக்கது எனக் கூறுதல் இயலாது.

சலுகை எதனோடு பிணைந்துள்ளது?

வாழ்க்கைச் செலவைக் குறைக்க மாநில அரசுகள் பல சலுகைகளை வழங்குகின்றன. அவை யாரைச் சென்றடைகின்றன என்பது, அவை எதனோடு பிணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது.

சில சலுகைகள் இடத்தோடு பிணைந்தவை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பேருந்தில் ஏறும் பெண் எம்மாநிலத்தவர் என்ற வேறுபாடு அங்கில்லை.

சில சலுகைகள் அட்டையோடு பிணைந்தவை. தமிழ்நாடு 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தில் இணைந்தது. அதனால் தகுதியுடைய பிற மாநிலத் தொழிலாளி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான தானியத்தை இங்கேயே பெறலாம். எனினும், தமிழ்நாடு தன் அட்டைதாரர்களுக்கு மானிய விலையில் வழங்கும் சர்க்கரை, துவரம் பருப்பு முதலியன அத்திட்டத்தில் அடங்கா.

வேறு சில, மின் இணைப்போடு பிணைந்தவை. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு ஒன்றுக்கு இரு திங்களுக்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஒரே இணைப்பில் பல அறைகள் இயங்கும் குடியிருப்பில் அந்த 100 அலகும் பலருக்குப் பங்காகும். பயன்பாடு கூடுந்தோறும் கட்டண விகிதமும் ஏறும். தனி இணைப்புள்ள வீட்டார் அடையும் பயன், சிற்றறையில் வாழ்வோரை முழுமையாகச் சென்றடைவதில்லை. பீகார் அரசு 2025ஆம் ஆண்டு வீடுகளுக்கு 125 அலகு மின்சாரத்தை இலவசமாக்கியது. ஆனால் அப்பயன் ஊரில் உள்ள குடும்பத்திற்கே உரியது. அருள்புரத்தில் உழைப்பவரின் அறைக்கு அது வாராது.

குடிபெயர்ந்தவர் இரண்டு அடுப்புகளைக் காக்கிறார். ஒன்று இங்கே எரிவது, மற்றொன்று ஊரில் எரிவது. அவரது வாழ்க்கைச் செலவை ஒரு மாநிலத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

ஒப்பிடும் நெறி

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ‘அ’ என்னும் ஊரில் ஆண்டு வீட்டுவரி 1,000 ரூபாய். குழாய்நீர் போதாமையால் தண்ணீர் வாங்க மாதம் 500 ரூபாய் செலவாகிறது. ‘ஆ’ என்னும் ஊரில் வரி 3,000 ரூபாய். தண்ணீருக்கு மாதம் 200 ரூபாய் போதும். ‘அ’ ஊரின் ஆண்டுச் செலவு 7,000 ரூபாய். ‘ஆ’ ஊரின் செலவு 5,400 ரூபாய். வரி குறைந்த ஊரே இங்குச் செலவு மிக்க ஊராகிவிடுகிறது. உள்ளாட்சி செய்யாத பணியை மக்கள் தத்தம் கைப்பணத்தால் செய்துகொள்கின்றனர் என்பதே இதன் பொருள்.

ஆகவே, வரியை ஒப்பிடும்போது அதன் அடிப்படை, விகிதம், விலக்கு, அதற்கு ஈடாகக் கிடைக்கும் பணி ஆகிய நான்கினையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். செலவை ஒப்பிடும்போது ஒரே அளவுள்ள குடும்பம், ஒரே வகைப் பொருள், ஒரே காலம் என்னும் வரையறை வேண்டும். கிடைக்கும் ஊதியத்தையும் அருகில் வைத்தே அச்செலவை எடைபோடுதல் வேண்டும்.

வரி கொடுப்போர் கணக்குக் கேட்பதும், வாங்குவோர் கணக்குக் காட்டுவதும் மக்களாட்சியின் கடமைகள். கிராமசபை அதற்குரிய இடம். வாடகை வழியே வரிச்சுமையில் பங்கேற்கும் தொழிலாளியின் தெருவிலும் விளக்கு எரிய வேண்டும். அவர் வாசலிலும் கழிவுநீர் தேங்காதிருக்க வேண்டும். அவ்விரண்டும் நிறைவேறும்போதே வரி தன் பயனை அடைகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் வீட்டுவரி இரசீது ஒன்றைப் பார்த்து, அதில் உள்ள இனங்களைப் பட்டியலிடுக.
2. பிற மாநிலத்திலிருந்து வந்து உங்கள் ஊரில் வாழும் ஒருவருடன் உரையாடி, இரு ஊர்களின் உணவு, வாடகை, பயணச் செலவுகளை அட்டவணைப்படுத்துக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக.

1. மும்பையில் பின்பற்றப்படும் சொத்துவரி முறை
அ) ஆண்டு வாடகை மதிப்பு ஆ) அலகுப் பரப்பு இ) மூலதன மதிப்பு ஈ) தறியிறை

குறுவினா

2. வாடகைக்கு வாழ்வோரையும் சொத்துவரி எவ்வாறு தொடுகிறது?
3. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா

4. விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு இரு நகரங்களின் செலவை ஒப்பிட இயலாது என்பதை விளக்குக.

நெடுவினா

5. ‘வரி குறைந்த ஊரெல்லாம் செலவு குறைந்த ஊராகிவிடாது’ – இக்கூற்றைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.