வீட்டை இழுக்கும் வண்டிகள்: அமெரிக்க டீசல் பிக்கப் டிரக்குகள், ஓர் ஒப்பீடு



பிக்கப் என்றதும் நம் கண்முன் வருவது காய்கறி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நுழையும் சின்ன வண்டிதான். இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போகும் பிக்கப்பின் ரகமே வேறு. காலியாக நிற்கும்போதே சுமார் மூன்றரை டன் எடை. ஆறரை லிட்டருக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின். பின்னால் மாட்டுவது ஒரு முழு வீடு. படுக்கையறை, சமையல்கட்டு, குளியலறை, ஏ.சி. எல்லாம் கொண்ட இந்தச் சக்கர வீட்டை அமெரிக்காவில் ஆர்.வி. டிரெய்லர் என்கிறார்கள். அங்கே லட்சக்கணக்கான குடும்பங்கள் விடுமுறைக்கு இப்படித்தான் கிளம்புகின்றன. ரிட்டயர் ஆன பிறகு வருடக்கணக்கில் இதிலேயே வாழ்பவர்களும் உண்டு.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு இது ஒரு நல்ல கணக்கு. நம் ஊரில் 11 டன் வண்டியை ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேண்டும். அங்கே பல மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவி பேரக்குழந்தைகளோடு, அதே 11 டன்னை மலையிலிருந்து இறக்குகிறார். அவர் வண்டியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் விளம்பரத்தில் போட்ட ஒரே ஒரு எண்ணைப் பார்த்து: "இது இத்தனை பவுண்டு இழுக்கும்." அந்த எண் பொய் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டிய எண் அது இல்லை. ஏன் என்று பார்ப்போம். (1,000 பவுண்டு என்பது சுமார் 454 கிலோ. அங்கே எல்லாமே பவுண்டுதான், எனவே நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.)

முதலில் மாட்டும் விதம். பின் பம்பருக்குக் கீழே உருண்டைக் கொக்கியில் மாட்டுவது ஒரு வகை. இதில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும். கொக்கி பின் ஆக்ஸிலுக்கு வெகு பின்னால் இருப்பதால் காற்றடித்தால் டிரெய்லர் வாலாட்டும், வண்டியையும் சேர்த்து ஆட்டும். பெரிய டிரெய்லர்களுக்கு அடுத்த வகைதான் சரி: ஃபிஃப்த் வீல். சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுவரும் டிரெய்லர் லாரியைப் பார்த்திருப்பீர்கள், அதே கிங் பின், அதே தட்டு ஏற்பாடுதான், அளவு மட்டும் சின்னது. பிக்கப்பின் தொட்டிக்குள், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால், எடை இறங்குகிறது. அதனால் வண்டி அலையாது. ஆனால் டிரெய்லர் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல், பிக்கப்பின் முதுகில் ஏறிவிடும். இந்த 20 சதவீதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது மூன்று போட்டியாளர்கள். ராம் (பழைய டாட்ஜ்), ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ்.

ராமின் பெருமை கம்மின்ஸ் எஞ்சின். 1989 மாடலில் டாட்ஜ் பிக்கப்பில் 5.9 லிட்டர் இன்லைன் ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் பி-சீரீஸ் டீசலை வைத்தபோது அது 160 குதிரைத் திறன், 400 பவுண்டு-அடி டார்க் கொடுத்தது. 1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூரில் நம் லாரிகளுக்குத் தயாரித்ததும் இதே பி-சீரீஸ் குடும்பம்தான், ஆகவே இது நமக்குத் தூரத்துச் சொந்தம். அதன் வாரிசான 6.7 லிட்டர் எஞ்சின் 2021 மாடலில், அதிகத் திறன் வடிவத்தில், 420 குதிரைத் திறனும் 1,075 பவுண்டு-அடியும் தந்தது. ஆறு சிலிண்டர், அதே நேர்வரிசை. முப்பது வருடத்தில் டார்க் இரண்டரை மடங்குக்கு மேல்!

ஃபோர்டு 2011 மாடலிலிருந்து தன் சொந்த 6.7 லிட்டர் வி-8 டீசலை வைக்கிறது. அதற்கு முன்பு நேவிஸ்டாரிடம் வாங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக வி எஞ்சினில் எக்ஸாஸ்ட் வெளிப்பக்கம் இருக்கும். இதில் அதைத் திருப்பி வி-யின் நடுப்பள்ளத்தில் கொண்டுவந்து டர்போவையும் அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். சூடான வாயு டர்போவுக்குப் போகும் வழி குறைகிறது. 2023 மாடலின் அதிகத் திறன் வடிவம் 500 குதிரைத் திறன், 1,600 சுற்றில் 1,200 பவுண்டு-அடி. ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் வி-8, இசுசுவோடு சேர்ந்து 2001 மாடலில் வந்தது. 2024-ல் 470 குதிரைத் திறன், 975 பவுண்டு-அடி.

டார்க்கை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பவர் என்பது டார்க்கையும் சுற்றையும் பெருக்கி வருவது என்று முதல் வருடமே படித்துவிட்டோம். ஃபோர்டின் 1,200-ஐ 1,600 சுற்றில் பெருக்கினால் சுமார் 365 குதிரைத் திறன். ராமின் 1,075 வருவது 1,800 சுற்றில், பெருக்கினால் சுமார் 368. விளம்பரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், கணக்கில் காணோம்!

சரி, ஏறுவதற்கு எவ்வளவு பவர் வேண்டும்? 16,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர், அதை இழுக்கும் பிக்கப், உள்ளே குடும்பம். எல்லாம் சேர்த்து 11,500 கிலோ என்று வைப்போம். 6 சதவீத ஏற்றம், மணிக்கு 80 கி.மீ. வேகம். ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 150 கிலோவாட். உருளும் தடைக்கு, குணகம் 0.01 எடுத்தால், 25 கிலோவாட். காற்றுத் தடைக்கு, ஒன்பது சதுர மீட்டர் முகம், குணகம் 0.8 எடுத்தால், 47 கிலோவாட். மொத்தம் 222. கியர், டிஃபரென்ஷியல் நஷ்டம் 15 சதவீதம் போட்டால் எஞ்சின் தர வேண்டியது சுமார் 260 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 350 குதிரைத் திறன். மூன்று வண்டியிலும் அதற்கு மேல் இருக்கிறது. கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ டீசல் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆக, ஏறுவதில் மூவருமே பாஸ்.

அப்படியென்றால் விளம்பர எண்? ஃபோர்டு எஃப்-450-க்கு 40,000 பவுண்டு, ராம் 3500-க்கு 37,090, செவர்லே சில்வராடோ 3500-க்கு 36,000 என்றெல்லாம் அறிவித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. பிறகு எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே-2807 என்ற பொதுச் சோதனை முறையை வகுத்தது. 2011-ல் முதலில் ஏற்றது டொயோட்டா. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் ஏற்றச் சாலையில், வெயில் காலத்தில், ஏ.சி.யை முழுதாகப் போட்டுக்கொண்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏற வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். மேலும் அந்த உச்ச எண்கள் இரண்டு கதவு, டூ வீல் டிரைவ், இரட்டைப் பின்சக்கரம் கொண்ட வண்டிக்கு உரியவை. குடும்பஸ்தர் வாங்குவதோ நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், தோல் சீட். ஒவ்வொன்றும் எடை.

இங்கேதான் நம் ஆசிரியர் மாட்டிக்கொள்வார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இதற்கு மேல் போகக்கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எடை அதில் இருக்கும். இதுதான் பே-லோடு. நம் லாரிகளின் பக்கவாட்டில் யூ.எல்.டபிள்யூ., ஆர்.எல்.டபிள்யூ. என்று எழுதியிருக்கிறதே, அந்த இரண்டின் வித்தியாசம் போலத்தான்.

'முக்கால் டன்' என்று அழைக்கப்படும் 2500 ரக வண்டியை எடுங்கள். (முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் தாத்தா காலத்துப் பெயர், அப்போது அவ்வளவுதான் ஏற்ற முடியும்.) மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. டீசல் எஞ்சினோடு வண்டியின் எடை 7,700 பவுண்டு என்றால் மிச்சம் 2,300. இப்போது நம் 16,000 பவுண்டு டிரெய்லரின் 20 சதவீதம் 3,200. தொட்டியில் பூட்டிய ஃபிஃப்த் வீல் தட்டு 200. நான்கு பேர், நாய், டூல்ஸ் எல்லாம் 700. மொத்தம் 4,100! வரம்பைவிட 1,800 பவுண்டு அதிகம். இதே ரக வண்டியின் விளம்பரம் சுமார் 20,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லும். இழுக்கும்தான், எஞ்சினுக்குத் திறன் இருக்கிறது. தாங்காது, அவ்வளவுதான்.

அடுத்தது 3500, பின்னால் ஒற்றைச் சக்கரம். வரம்பு 12,300, வண்டி 7,900 என்றால் மிச்சம் 4,400. அப்பாடா, 300 பவுண்டு பாக்கி. ஆனால் டிரெய்லரின் முன்பக்க அலமாரியில் வீட்டம்மா நாலு பெட்டி வைத்து 20 சதவீதம் 22 ஆகிவிட்டால்? 3,520, தட்டு 200, ஆட்கள் 700, மொத்தம் 4,420. போச்சு! இரட்டைப் பின்சக்கர 3500-க்கு வரம்பு 14,000, வண்டி 8,500 என்றாலும் மிச்சம் 5,500. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

டயரிலும் இதே கதை. டயரின் பக்கவாட்டில் லோடு இன்டெக்ஸ் எண் இருக்கும். 125 என்றால் 1,650 கிலோ. ஒற்றைச் சக்கர வண்டியில் பின்னால் இரண்டு டயர், 3,300 கிலோ. இரட்டைச் சக்கர வண்டியின் சின்ன டயரில் 120/117 என்று இருந்தால் இரட்டையாக ஓடும்போது ஒவ்வொன்றும் 1,285 கிலோ. நான்கு டயர், 5,140 கிலோ. ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் வண்டியைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் கம்மின்ஸா ஃபோர்டா என்று சண்டை போடுவதைவிட ஒற்றையா இரட்டையா என்று சண்டை போடுவதுதான் நியாயம்.

ஏறியாயிற்று, இறங்க வேண்டாமா? அதே 6 சதவீதச் சரிவில் 80 கி.மீ. வேகத்தில் புவியீர்ப்பு தருவது 150 கிலோவாட். உருளும் தடையும் காற்றும் 72-ஐத் தின்னும். மீதி 78 கிலோவாட்டை யாராவது விழுங்க வேண்டும். பத்து கி.மீ. இறக்கத்துக்கு ஏழரை நிமிடம், 35 மெகா ஜூல். இதை முழுக்க பிரேக் மேல் போட்டால்? 100 கிலோ வார்ப்பிரும்பு, தன்வெப்பம் 0.46 என்று கொண்டால், காற்றில் ஆறுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வெப்பநிலை 760 டிகிரி ஏறும். பிரேக் ஃபேட் என்று படித்தோமே, இதுதான்.

மெதுவாகப் போனால் சரியாகிவிடுமா? 60 கி.மீ.யில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 74 கிலோவாட் வரும். பெரிதாகக் குறையவில்லை, ஏனென்றால் காற்றின் உதவியும் குறைந்துவிடுகிறது. லாபம் வேறு இடத்தில்: திடீரென்று நிறுத்த வேண்டுமென்றால் 80-ல் 2.8 மெகா ஜூல், 60-ல் 1.6 மட்டுமே.

ஆக, தொடர்ந்து வரும் அந்த எழுபது சொச்சம் கிலோவாட்டை எஞ்சின் மேல்தான் போட வேண்டும். இந்த மூன்று எஞ்சினிலும் டர்போவின் இறக்கைகளை மூடி எக்ஸாஸ்டை நெரிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. எஞ்சின் ஏர் கம்ப்ரஸர் மாதிரி ஆகிவிடும். கியர் பாக்ஸ் தானாகவே கீழ் கியருக்கு வந்து சுற்றை ஏற்றிக் கொடுக்கும். டிரெய்லருக்குத் தனி எலெக்ட்ரிக் டிரம் பிரேக், டிரைவர் பக்கத்திலிருந்து கட்டுப்படுத்துவது. நம் மலைப்பாதைகளில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் அண்ணன்மார்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்கவும்.

மற்ற வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் முன்னால் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் வைக்கிறது, காலியாக ஓடும்போது சொகுசு. ஃபோர்டும் ராமும் ஃபோர் வீல் டிரைவில் முழு ஆக்ஸில். ராம் 2500-க்குப் பின்னால் காயில் ஸ்பிரிங், 3500-க்கு லீஃப். கியர் பாக்ஸ் ஃபோர்டிலும் ஜெனரல் மோட்டார்ஸிலும் பத்து வேகம். ராம் ஆறிலிருந்து எட்டுக்கு 2025 மாடலில்தான் வந்தது. மூன்றிலும் 2010-க்குப் பிந்தைய புகை விதிகளால் யூரியா திரவம் ஊற்ற வேண்டும்.

நம் 16,000 பவுண்டு வீட்டுக்கு என் தீர்ப்பு: இரட்டைச் சக்கர 3500 அல்லது ஃபோர்டு எஃப்-350, மூன்றில் எது பக்கத்து ஊரில் சர்வீஸ் ஆகுமோ அது. எட்டடி அகலப் பின்பக்கத்தோடு கடைவீதியில் பார்க்கிங் தேடுவது கஷ்டம்தான், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். 9,000 பவுண்டு டிராவல் டிரெய்லர் என்றால் 2500 தாராளமாகப் போதும்.

வாங்கிய பிறகு சரிபார்க்க வழி சுலபம். அமெரிக்க லாரி நிறுத்தங்களில் ஆக்ஸில் வாரியாக எடை காட்டும் எடைமேடை இருக்கும். டிரெய்லர் இல்லாமல், ஆட்களும் சாமானும் ஏறியபடி பிக்கப்பை ஒருமுறை நிறுத்த வேண்டும். பிறகு டிரெய்லரை மாட்டி, தண்ணீர்த் தொட்டி நிரப்பி, இன்னொரு முறை. இரண்டாம் முறை பிக்கப்பின் இரண்டு ஆக்ஸில்களும் சேர்ந்து காட்டும் எடையிலிருந்து முதல் முறை எடையைக் கழித்தால் வருவதுதான் கிங் பின் மேல் உண்மையில் இறங்கும் எடை. பின் ஆக்ஸில் எண்ணைக் கதவுத் தூணில் எழுதியிருக்கும் ஆக்ஸில் வரம்போடு ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு மலையைப் பார்த்து வண்டியைத் திருப்பலாம்.